கீழ் விளிம்பை வெட்டாதீர்கள்

பழைய அமெரிக்கப் பின்-அப் காலண்டர்களை, அதாவது கவர்ச்சியாக வரைந்த பெண்களின் படம் போட்ட காலண்டர்களை, சேர்க்கிறவர்களில் பெரும்பாலானோர் படத்துக்காகத்தான் சேர்க்கிறார்கள். எனக்குப் படத்தைப் போலவே அதற்குக் கீழே இருக்கும் இரண்டு அங்குலமும் வேண்டும். கடையின் பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதற்கும் கீழே மாதத்தாள்கள். பல பத்தாண்டுகளாக மக்கள் இந்தப் பகுதியைத்தான் கத்தரித்து எறிந்துவிட்டு, மேலே சிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சந்தையில் கிடைப்பவற்றில் பாதிக்கு மேல் இப்படி வெட்டுப்பட்டவைதான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

நான் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் வசிக்கிறேன். அட்டைப்பெட்டி அச்சிடும் ஆலை ஒன்றில் வண்ணத் தரம் பார்ப்பது என் வேலை. வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், இன்று ரயில் ஓடும் யூனிவர்சிட்டி அவென்யூவில், ஒரு காலத்தில் காலண்டர் அச்சிட்ட பிரவுன் அண்ட் பிகலோ நிறுவனத்தின் பெரிய ஆலை இருந்தது. 1896இல் தொடங்கிய நிறுவனம் அது. அமெரிக்கப் பின்-அப் கலையின் தலைநகரம் எது என்று கேட்டால் பலரும் ஹாலிவுட் என்றோ நியூயார்க் என்றோதான் சொல்வார்கள். என் கணக்கில் அது ஆண்டில் ஐந்து மாதம் பனி மூடிக்கிடக்கும் இந்த ஊர்தான். புகழ்பெற்ற பின்-அப் ஓவியர் கில் எல்வ்கிரென் 1914இல் பிறந்ததும் இங்கேதான். அவருடைய பின்-அப் படங்களை முதலில் அச்சிட்ட லூயிஸ் எஃப். டவ் நிறுவனமும், அடுத்து அவரை அழைத்துக்கொண்ட பிரவுன் அண்ட் பிகலோவும் இதே ஊர்க் கம்பெனிகள்.

நான் பிறந்தது சிவகாசியில். அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தார். அதனால் காலண்டர் என்பது எனக்குச் சிறுவயதிலேயே வியாபாரப் பொருளாகத்தான் அறிமுகமானது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களைச் சிவகாசி அச்சகங்கள் வெளியிடும். முகவர்கள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். நகைக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் முருகனையோ லட்சுமியையோ தேர்ந்தெடுப்பார்கள். கடைப் பெயர் பிற்பாடு அச்சாகும். செயின்ட் பாலிலும் நடந்தது அச்சு அசலாக இதேதான். விற்பனையாளர் மாதிரிப் படங்களை எடுத்துக்கொண்டு சிற்றூர்களுக்குப் போவார். இரும்புக்கடைக்காரரும் டயர் கடைக்காரரும் தமக்குப் பிடித்த பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். டிசம்பரில் கடைப் பெயரோடு கட்டுக்கட்டாகச் சரக்கு வந்து இறங்கும். வாடிக்கையாளருக்கு இலவசம். ஆண்டு முழுவதும் கடையின் பெயர் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். படம் அந்தப் பெயரைச் சுமப்பதற்காக வந்தது. அந்தப் பெயரை வெட்டி எறிந்துவிட்டால் காலண்டர் எதற்காகப் பிறந்ததோ அதுவே போய்விடுகிறது.

விற்பனையாளர் காட்டும் அந்த மாதிரிப் பிரதிகளும் இன்று சேகரிப்புப் பொருள்கள். கடைப் பெயர் வரவேண்டிய இடத்தில், இங்கே உங்கள் விளம்பரம் வரும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மூலையில் படத்தின் எண். சுவரில் மாட்டப்படாததால் இவற்றின் நிறம் பெரும்பாலும் அன்று அச்சானபடியே இருக்கிறது. இதனால் சிலர் இவற்றையே அதிகம் விரும்புகிறார்கள். வண்ணம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க நானும் சில வைத்திருக்கிறேன். ஆனால் கடைப் பெயர் ஏறிய பழுப்புப் பிரதியும் ஏறாத புதுப் பிரதியும் ஒன்றாகக் கிடைத்தால் பழுப்பைத்தான் எடுப்பேன்.

பிரவுன் அண்ட் பிகலோவின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நிறுவனர்களில் ஒருவரான ஹெர்பர்ட் பிகலோ 1920களில் வருமான வரி ஏய்ப்புக்காகக் கான்சாஸிலுள்ள லெவன்வொர்த் சிறைக்குப் போனார். அங்கே சார்லஸ் வார்ட் என்ற கைதியோடு பழக்கம் ஏற்பட்டது. வார்ட் போதைப்பொருள் வழக்கில் உள்ளே வந்தவர். சிறையில் பெரிய மனிதருக்குப் பாதுகாப்பாக இருந்தார். வெளியே வந்ததும் பிகலோ அவருக்குத் தன் நிறுவனத்தில் வேலை கொடுத்தார். வார்ட் மளமளவென்று மேலே வந்தார். 1933இல் பிகலோ வடக்கு மின்னசோட்டா ஏரி ஒன்றில் மூழ்கி இறந்தபோது நிறுவனம் வார்டின் கைக்குப் போனது. 1959இல் இறக்கும்வரை அவர்தான் தலைவர். சிறையிலிருந்து விடுதலையானவர்களைத் தேடித்தேடி வேலைக்கு வைத்துக்கொண்டார். நான் பாதுகாக்கும் காலண்டர்களில் சிலவற்றை அடுக்கிக் கட்டியவர்கள், எங்கும் வேலை கிடைக்காமல் நின்று இங்கே வந்து சேர்ந்த மனிதர்களாக இருக்கலாம். அதை நினைக்கும்போது அந்தத் தாள்களின் மதிப்பு எனக்கு இன்னும் கூடிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்-அப் அந்த நிறுவனத்தின் ஒரு பிரிவு மட்டுமே. நார்மன் ராக்வெல் வரைந்த சாரணர் காலண்டர்களை அச்சிட்டது இதே நிறுவனம்தான். மேக்ஸ்ஃபீல்ட் பாரிஷின் நிலக்காட்சிகளும், சீட்டாடும் நாய்களின் புகழ்பெற்ற ஓவியங்களும் இங்கிருந்தே வந்தன. ஒரே விற்பனையாளரின் பையில் சாரணச் சிறுவன், மலை, நாய், காற்றில் பாவாடை பறக்கும் பெண் எல்லாரும் இருந்தார்கள். வங்கிக்காரர் மலையை எடுத்தார். பழுதுபார்க்கும் பட்டறைக்காரர் பெண்ணை எடுத்தார். யார் எதை எடுத்தார்கள் என்பதை இன்று நமக்குச் சொல்வது அந்தக் கீழ் விளிம்பு ஒன்றுதான்.

எல்வ்கிரெனிடம் வருகிறேன். முதலில் கட்டடக்கலை படிக்கத் தொடங்கி, அதை விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். சிகாகோவில் ஹேடன் சண்ட்ப்ளமின் வட்டத்தில் சேர்ந்தார். கோக கோலாவின் சிவப்பு உடைக் கிறிஸ்துமஸ் தாத்தாவை வரைந்தவர் சண்ட்ப்ளம். அந்தத் தாத்தாவின் கன்னத்தில் இருக்கும் வெதுவெதுப்பான ஒளிதான் எல்வ்கிரெனின் பெண்களின் கன்னத்திலும் இருக்கிறது. வண்ணத்தைத் தடிப்பாக, ஈரம் காயாமல் இழுக்கும் முறை அது. 1937இல் டவ் நிறுவனத்துக்கு வரையத் தொடங்கினார். 1945 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிரவுன் அண்ட் பிகலோவுக்கு வரைந்தார். பெரும்பாலும் 30க்கு 24 அங்குலக் கித்தானில் எண்ணெய் வண்ணம். மாடலை ஸ்டூடியோவில் நிற்க வைத்துப் புகைப்படம் எடுப்பார். பிறகு படத்தில் இடுப்பைச் சிறிது குறைத்து, காலைச் சிறிது நீட்டி, கண்ணைப் பெரிதாக்குவார். புகைப்படமும் ஓவியமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்தால் அவர் செய்த மாற்றங்கள் எவ்வளவு சிறியவை என்பது தெரியும். அந்தச் சிறிய மாற்றங்களில்தான் அவருடைய திறமை முழுவதும் இருக்கிறது.

டவ் நிறுவனத்துக்கு அவர் வரைந்தவற்றுக்கு ஒரு விநோத விதி நேர்ந்தது. எல்வ்கிரென் போன பிறகு, கைவசம் இருந்த அவருடைய மூல ஓவியங்களின் மேலேயே வண்ணம் தீட்டி மாற்றித்தரும்படி நிறுவனம் வான் பாஸ் என்ற ஓவியரிடம் கொடுத்தது. அவர் உடையை மாற்றினார், பின்னணியை மாற்றினார், சில இடங்களில் முகத்தையும் மாற்றினார். அசல் கித்தான் அடியில் புதைந்துபோனது. ஆகவே எல்வ்கிரென் முதலில் தீட்டியபடி அந்தப் பெண் எப்படி இருந்தாள் என்பதற்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, ஏதோ ஒரு கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த பழைய அச்சுப்பிரதிதான். முந்தைய அச்சையும் பிந்தைய அச்சையும் சோடியாகச் சேர்ப்பது என் விருப்பங்களில் ஒன்று. ஒரே பெண், ஒரே நிற்பு. முன்னதில் தோல் பளபளக்கிறது. பின்னதில் பாஸின் தூரிகை சரட்டென்று, அவசரமாக ஓடியிருக்கிறது. பாஸ் திறமையில்லாதவர் அல்ல. தனியாக வரைந்தபோது நன்றாகவே வரைந்தவர். இன்னொருவர் முகத்தின்மேல் தன் கையை வைக்கச் சொன்னால் யாருக்கும் அது கூசத்தான் செய்யும்.

சிவகாசியிலிருக்கும் அக்கா இந்தச் சேகரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "ஏண்டி, பெண்ணாக இருந்துகொண்டு இதையா சேர்க்கிறாய்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இந்தப் படங்கள் ஆண்கள் பார்ப்பதற்காக, ஆண்கள் புழங்கிய இடங்களில் மாட்டுவதற்காக வரையப்பட்டவை. பாவாடை வேலிக்கம்பியில் மாட்டிக்கொள்வதும், நாய்க்குட்டியின் கயிறு காலைச் சுற்றுவதும், அந்தப் பெண் வாயைக் குவித்துத் திகைப்பதும் ஒரே சூத்திரத்தின் மறுபதிப்புகள். இதை மறுத்துப் பேச நான் தயாராக இல்லை. ஆனால் அக்காவிடம் நான் சொன்னது வேறு ஒன்று. இந்தத் தொழிலின் முதல் வரிசையில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஸோயி மோசர்ட் 1940களில் பிரவுன் அண்ட் பிகலோவின் மிகப் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவர். பேஸ்டல் சுண்ணத்தில் வரைவார். பல படங்களுக்குத் தானே மாடல். கண்ணாடி முன் நின்றும் தன்னைப் புகைப்படம் எடுத்தும் தன் உடம்பைத் தானே பார்த்து வரைந்தார். ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது கட்டணத்துக்காக மாடலாக நின்றவர். ஆகவே மேடையில் நிற்பவளின் கால் வலி அவருக்குத் தெரியும். அவருடைய பெண்கள் திகைப்பதில்லை. நேராகப் பார்க்கிறார்கள். தோள்பட்டை எலும்பு, முழங்கையின் மடிப்பு எல்லாம் ஒரு நிஜ உடம்பின் கணக்கில் இருக்கின்றன. எல்வ்கிரெனையும் மோசர்ட்டையும் ஒரே சுவரில் மாட்டினால், முன்னவர் ஒரு கணத்தை வரைந்தார், பின்னவர் ஓர் ஆளை வரைந்தார் என்பது எனக்குப் பளிச்சென்று தெரிகிறது.

எல்வ்கிரெனின் நண்பர் ஜாய்ஸ் பாலன்டைனும் பிரவுன் அண்ட் பிகலோவுக்கு வரைந்தார். அவர் பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய ஒரு படம் தெரியும். நாய்க்குட்டி நீச்சலுடையைப் பிடித்து இழுக்க, பின்பக்கம் வெயிலில் கறுக்காத தோல் தெரியும் சிறுமி. காப்பர்டோன் வெயில் களிம்பின் விளம்பரத்துக்காக 1959இல் வரைந்தது. அவருடைய மூன்று வயது மகளே அதற்கு மாடல். சிகாகோவிலிருந்து வரைந்த பேர்ல் ஃப்ரஷ் இன்னொருவர். அவருடைய கூர்மையான கோடுகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் புகைப்படம் என்றே நினைக்கத் தோன்றும். இவர்களின் கையெழுத்து பெரும்பாலும் வலது கீழ் மூலையில், விளிம்புக்கு மிக நெருக்கமாக இருக்கும். சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அரை அங்குலம் வெட்டினால்கூடப் போதும், வரைந்த பெண்ணின் பெயர் காணாமல் போய்விடும். அப்படிப் பெயரிழந்த பிரதிகள், வரைந்தவர் யாரென்ற குறிப்பில்லாமலோ வேறு ஓவியரின் பெயரிலோ விற்கப்படுகின்றன.

மாடல்களின் கதையும் இதேதான். எர்ல் மோரன் என்ற ஓவியரிடம் 1940களின் பிற்பகுதியில் மணிக்கு 10 டாலருக்கு மாடலாக நின்ற நார்மா ஜீன் என்ற பெண்தான் பிறகு மரிலின் மன்றோ ஆனார். 1949 மே மாதத்தில் டாம் கெல்லி என்ற புகைப்படக்காரர் சிவப்பு வெல்வெட் துணியின் மேல் அவரைப் படமெடுத்தார். அவருக்குக் கிடைத்தது 50 டாலர். சிகாகோ வட்டாரத்தைச் சேர்ந்த பாம்கார்த் நிறுவனம் அந்தப் படத்தை 500 டாலருக்கு வாங்கிக் காலண்டராக்கியது. 1952இல் படத்திலிருப்பது யார் என்று உலகத்துக்குத் தெரிந்தபோது அந்தக் காலண்டர் நாடு முழுவதும் பட்டறைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. நிர்வாணப் படத்தை விற்கத் தயங்கிய இடங்களுக்காக, அதே படத்தின் மேல் கறுப்புச் சரிகை உள்ளாடையை அச்சிட்ட பதிப்பும் வந்தது. அந்தச் சரிகைப் பதிப்பு ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். முதலில் தோலின் வண்ணப் புள்ளிகள், அவற்றின்மேல் தனியாக ஓடிய கறுப்பு மை. இரண்டும் சேரும் ஓரத்தில் மயிரிழை அளவு விலகல். ஒழுக்கம் பற்றிய ஒரு நாட்டின் பயத்தை அந்த விலகலில் தொட்டுப் பார்க்கலாம்.

போலிகளைப் பற்றிச் சொல்ல இது சரியான இடம். என் தொழிலே இதில் எனக்குக் கைகொடுக்கிறது. பழைய காலண்டர்களின் படம் நான்கு வண்ணப் புள்ளிகளால் ஆனது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் புள்ளிகள் சிறுசிறு பூக்களைப் போல ஒழுங்காக வட்டமிட்டு நிற்கும். இன்றைய இங்க்ஜெட் நகலில் புள்ளிகள் தெளித்த மாதிரி சிதறிக்கிடக்கும். அச்சான படத்தையே ஸ்கேன் செய்து மீண்டும் ஆஃப்செட்டில் அடித்தால், பழைய புள்ளியும் புதிய புள்ளியும் மோதி நீரலைபோல ஒரு வலைப்பின்னல் தோன்றும். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். என் அனுபவத்தில் இவற்றைவிட நம்பகமான சோதனை எழுத்தில்தான் இருக்கிறது. அசலில் கடைப் பெயரும் முகவரியும் முழு மையில், புள்ளியில்லாமல், கூரிய ஓரத்தோடு இருக்கும். நகலில் எழுத்தும் படத்தோடு சேர்ந்து ஸ்கேன் ஆனதால் புள்ளியாக உடைந்திருக்கும். அதோடு கடைப் பெயரைப் பெரும்பாலும் தனியாக, ஈய எழுத்துக் கோத்து, லெட்டர்பிரஸ்ஸில் அழுத்தி அடித்தார்கள். தாளைத் திருப்பி விரல் நுனியால் தடவினால் அந்த அழுத்தம் தட்டுப்படும். எந்த ஸ்கேனராலும் அதைப் போலி செய்ய முடியாது. கீழ் விளிம்பை வெட்டியவர்கள், அந்தப் பிரதி அசல் என்பதற்கான அத்தாட்சியையும் சேர்த்தே வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

புற ஊதா விளக்கும் உதவும். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரும் ரசாயனங்கள் 1940களின் இறுதிக்குப் பிறகுதான் அச்சுத்தாள்களில் பரவலாக வந்தன. 1942ஆம் ஆண்டுக் காலண்டர் என்று சொல்லி விற்கப்படுவது இருட்டில் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். ஸ்டில்வாட்டர் பழம்பொருள் கடைத்தெருவில் ஒரு வியாபாரி அப்படியொன்றை என்னிடம் நீட்டினார். விளக்கடியில் அதைப் பார்த்துவிட்டு அவரே விலைச்சீட்டைக் கிழித்துவிட்டார்.

ஆண்டு தெரியாத துண்டுகளுக்கு வயது கண்டுபிடிக்கவும் முகவரிதான் வழி. பெரிய நகரங்களில் 1943 முதல் ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒற்றை அல்லது இரட்டை இலக்க அஞ்சல் மண்டல எண் வரும். 1963இல் ஐந்திலக்க எண் வந்ததும் அது மறைந்தது. ஆகவே மினியாபொலிஸ் 3 என்று முகவரி இருந்தால் அந்த இருபது ஆண்டுகளுக்குள் என்று உறுதியாகச் சொல்லலாம். சிற்றூர்க் கடைகளின் தொலைபேசி எண் வெறும் 47 என்றோ 112 என்றோ இருக்கும். ஊரில் மொத்தமே அவ்வளவு தொலைபேசிகள்தான். மாதத்தாளில் ஆண்டு கிழிந்துபோயிருந்தால் கிழமையைப் பார்க்கலாம். ஜனவரி 1 திங்கட்கிழமை என்றால் 1945, 1951, 1962 என்று சில ஆண்டுகளே பொருந்தும். முகவரியையும் ஓவியரையும் வைத்து அவற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம்.

என்னிடம் இருப்பவற்றில் நான் மிகவும் நேசிப்பது 1948ஆம் ஆண்டுக்கான எல்வ்கிரென் காலண்டர் ஒன்று. தெற்கு மின்னசோட்டாவில் ஒரு பண்ணை வீட்டைக் காலி செய்தபோது நடந்த விற்பனையில் கிடைத்தது. ஒரு தீவனக்கடை கொடுத்தது. மேலே தகரப் பட்டை துருப்பிடித்திருக்கிறது. படத்தின் இடது ஓரம் சன்னல் வெயிலில் வெளுத்திருக்கிறது. சந்தை மதிப்பில் இது சாதாரணப் பிரதி. ஆனால் வீட்டுக்காரர் மாதத்தாள்களைக் கிழிக்காமல் பின்னால் மடித்துக்கொண்டே வந்திருக்கிறார். பன்னிரண்டும் இருக்கின்றன. கட்டங்களுக்குள் பென்சிலில் சுருக்கமான குறிப்புகள்: எந்த நாளில் எந்தப் பசு ஈன்றது, எவ்வளவு மழை பெய்தது, டிராக்டருக்கு எப்போது எண்ணெய் மாற்றியது. பிப்ரவரி 29 ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் விருந்து. மே மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் விதைப்பு என்ற ஒரே வார்த்தை. நவம்பர் 2 செவ்வாய்க்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. அன்றுதான் ட்ரூமன் வென்ற அதிபர் தேர்தல். இரண்டு வேறு கையெழுத்துகள் இருக்கின்றன. மழையளவை எழுதியவர் அழுத்தி எழுதுகிறவர். பிறந்தநாள்களை எழுதியவரின் எழுத்து சாய்ந்து, வளைவுகளோடு இருக்கிறது. அந்தக் காலண்டர் வெறும் ஆண்கள் பட்டறையில் தொங்கவில்லை. சமையலறையிலோ பின்கதவுப் பக்கமோ, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பென்சிலோடு வந்து போகும் இடத்தில் தொங்கியிருக்க வேண்டும். பின்-அப் என்றாலே ஆண்களின் ரகசியம் என்று எழுதுகிறவர்களிடம் இந்தப் பன்னிரண்டு தாள்களைக் காட்ட ஆசை.

பத்திரிகைகளில் வந்த பின்-அப்புகள் எனக்குச் சற்றுத் தள்ளித்தான். எஸ்குயர் என்ற ஆண்கள் இதழில் ஜார்ஜ் பெட்டி வரைந்தார். பெரு நாட்டிலிருந்து வந்த அல்பெர்ட்டோ வர்காஸ் 1940 முதல் அதில் வரைந்தார். போர்க்காலத்தில் அந்தப் படங்கள் விமான மூக்குகளிலேறிப் பறந்தன. மெம்ஃபிஸ் பெல் என்ற குண்டுவீச்சு விமானத்திலுள்ள பெண், தொலைபேசியோடு அமர்ந்திருக்கும் பெட்டியின் படத்திலிருந்து எடுக்கப்பட்டவள். ஒரு பக்கம் நீல உடை, மறுபக்கம் சிவப்பு. ஒஹாயோவின் டேட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். எஸ்குயரின் சலுகை அஞ்சல் கட்டணத்தை அஞ்சல் துறைத் தலைவர் ரத்து செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1946இல் இதழுக்குச் சாதகமாக முடிந்தது. அதே இதழோடு வர்காஸ் நடத்திய வழக்கில் ஓவியருக்குத் தோல்வி. தன் பெயரிலிருந்து வந்த வர்கா என்ற முத்திரையைக்கூட அவரால் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. எஸ்குயரின் வர்கா காலண்டர்கள் காசு கொடுத்து வாங்கியவை, கடைப் பெயர் ஏறாதவை. அழகானவை, சந்தேகமில்லை. ஆனால் எந்த ஊரிலும் வேர்விடாதவை. அஞ்சல் உறையோடு கிடைத்தால் மட்டும் வாங்குவேன். உறையில் யாரோ ஒருவரின் ஊர் இருக்கும்.

சிறு பொருள்களில் எனக்கு மையொற்றும் தாள்கள்மேல் தனிப் பிரியம். மை ஊற்றும் பேனாவின் காலத்தில் வங்கியும் நிலக்கரிக்கடையும் காப்பீட்டு முகவரும் இவற்றை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் வழவழப்பான படம், மறுபக்கம் மை உறிஞ்சும் தாள். 1945 அக்டோபரில் நியூயார்க்கில் ரெய்னால்ட்ஸ் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்ததிலிருந்து இவற்றின் ஆயுள் எண்ணப்பட ஆரம்பித்தது. பயன்படுத்திய தாளின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் காட்டினால் இடவலம் மாறிப் பதிந்த எழுத்துகள் நேராகத் தெரியும். ஒரு தொகை, ஒரு கையெழுத்தின் பாதி, அன்புள்ள என்று தொடங்கும் ஒரு வரி. புதிதாகவே இருக்கும் தாளுக்கு விலை அதிகம். எனக்குப் பயன்படுத்தியதுதான் வேண்டும். பொழுதுபோக்கு அரங்கு இயந்திரங்களில் காசு போட்டால் விழுந்த மியூட்டோஸ்கோப் அட்டைகள் புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றவை. கெட்டியானவை, எளிதில் பழுதாகாதவை, குறைந்த விலைக்கே நல்லது கிடைக்கும்.

அசல் ஓவியங்கள் என் கைக்கெட்டாதவை. 2011இல் எல்வ்கிரெனின் ஓவியம் ஒன்று ஏலத்தில் 2,86,800 டாலருக்குப் போனது. அது சார்லஸ் மார்ட்டினெட் என்ற சேகரிப்பாளர் விட்டுச்சென்ற தொகுப்பிலிருந்து வந்தது. அருங்காட்சியகங்கள் இவற்றைக் கலையாக மதிக்காத காலத்தில், ஆயிரக்கணக்கான விளம்பர, பத்திரிகை ஓவியங்களைக் காப்பாற்றியவர் அவர். அவருக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஓவியம் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஆயிரமாயிரம் சுவர்களுக்குப் போனது காலண்டர்தான். அதைக் காப்பாற்றக் கோடீசுவரர் வேண்டியதில்லை, சம்பளக்காரர்கள் போதும்.

காப்பாற்றுவது என்றால் முதலில் சுருட்டாமல் வைப்பது. மரக்கூழ்த் தாளில் அமிலம் இருக்கிறது. ஆண்டுக்காண்டு அது தன்னைத்தானே தின்று மொறுமொறுப்பாகும். அமிலமற்ற அட்டையை முதுகுக்கு வைத்து, பாலியெஸ்டர் உறையில் இட்டு, தட்டையாக அடுக்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது மையைப் பிடித்து இழுக்கும். ஒட்டும் நாடா கூடவே கூடாது. பழைய ஸ்டேபிள் துருப்பிடித்திருந்தால் பிடுங்காமல், அதற்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய தாள் ஒன்றைச் செருகுங்கள். சுவரில் மாட்டியே தீர வேண்டுமென்றால் வெயில் படாத சுவரில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குள், மாதத்தாள்கள் உட்பட முழு நீளத்துக்கும் சட்டம் செய்யச் சொல்லுங்கள். சட்டம் போடுகிறவர் கீழ்ப்பகுதியை மடக்கி உள்ளே தள்ளட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அச்சட்டம் நீளமாக, பார்க்கச் சற்று அசௌகரியமாகத்தான் இருக்கும். அந்தக் காலண்டரும் சுவரில் அப்படித்தான் தொங்கியது.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது டுவேன் பிரையர்ஸ் வரைந்த ஹில்டா. செம்பட்டை முடியும் பருத்த உடம்புமாக, மலர்க்கொடியைக் கோத்து உடம்பில் சுற்றிக்கொண்டு, ஓடையில் கால் நனைத்து, தூண்டில் போட்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் புத்தகம் படிக்கும் பெண். 1950களின் பிற்பகுதியிலிருந்து பல பத்தாண்டுகள் பிரவுன் அண்ட் பிகலோவின் காலண்டர்களில் வந்தவள். பிரையர்ஸ் வடக்கு மின்னசோட்டாவின் இரும்புச் சுரங்க வட்டாரத்தில் வளர்ந்தவர், நூறு வயதுவரை வாழ்ந்தவர். ஹில்டாவின் படங்கள் அச்சடித்த அட்டைகள் எங்கும் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது அவளை வரைந்தவரின் ஊர்ப்பக்கத்துக் கடை ஒன்றின் பெயரோடு, மாதத்தாள் கலையாமல், ஒரு காலண்டர். வரும் கோடையில் சுரங்க நகரங்களின் பண்ணை விற்பனைகளையும் பழம்பொருள் கடைகளையும் வரிசையாகப் பார்க்கப் போகிறேன். அக்கா அப்போது இங்கே வந்திருப்பாள். ஹில்டாவின் படம் ஒன்றை அவளுக்கு அனுப்பியிருந்தேன். "இவள் கிடைத்தால் எனக்கும் ஒன்று எடுத்து வை" என்று பதில் வந்தது.